பனிமலையில் ஒரு படலை

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், வீட்டை விட்டுப் போய்ச் சந்நியாசியானது யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் மலாயாவில் வேலை பார்க்கிறார் என்பதுதான் எங்கள் வீட்டின் கட்சி. கேட்பவர்களும் அதை நம்பியவர்கள் போலவே நடந்துகொண்டார்கள். “அத்தான் சுகமோ? கடுதாசி வாறதோ?” என்பார்கள். “ஓம், சுகமாம்” என்பேன் நான். கேட்டவருக்கும் எனக்கும் நடுவில் அந்தப் பொய் சம்மணம் கட்டி உட்கார்ந்திருக்கும். இரண்டு பேருமாக அதற்கு வெற்றிலை கொடுத்து உபசரித்து அனுப்பிவைப்போம்.

அவர் போனது ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில். தொண்டைமானாற்றுச் சந்நிதித் திருவிழாவுக்கென்று வெள்ளை வேட்டி கட்டிப் புறப்பட்டவர் திரும்பி வரவில்லை. சில மாதங்கள் கழித்துக் காசியிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. தேட வேண்டாம் என்று ஒரே வரி. மகளுக்கு அப்போது நாலு வயது. அக்கா அட்டையை வாசித்துவிட்டு அடுப்பில் போட்டாள். பிறகு கண்ணாடியைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். மலாயாக் கதையைக் கட்டியவள் அவள்தான். காவல் காத்தவன் நான்.

மகள் வளர்ந்து கலியாணப் பேச்சு வந்தபோதுதான் அந்தக் கதைக்குக் கால் முறிந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்லூர்ப் பக்கத்தார். நல்ல மனிதர்கள்தான், ஆனால் காணி விஷயத்தில் எங்களைப் போலவே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர்கள். அக்காவின் சீதனக் காணி மகளுக்குப் போக வேண்டும் என்று பேச்சு. காணி அக்காவுடையதுதான். ஆனாலும் கணவன் உயிரோடிருக்கையில் அவருடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் அதை எழுதிக் கொடுக்க எங்கள் சட்டம் விடாது. கையெழுத்து வந்தால்தான் காணி உறுதி எழுதி முடிப்பது, உறுதி முடிந்தால்தான் தாலிக்குப் பொன்னுருக்கல் என்று மாப்பிள்ளையின் தகப்பன் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆவணிக்குள் முடியாவிட்டால் வேறிடம் பார்ப்பார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. கூட வந்த தரகர் சொன்னார்.

உறுதி எழுதுகிற நொத்தாரிசு ஒரு வழி காட்டினார். “கோட்டிலை ஒரு மனுப் போடலாம். புருஷன் விட்டிட்டுப் போட்டார் எண்டு நீங்கள் சத்தியம் பண்ணினால், நீதவான் அவரின்ரை இடத்திலை நிண்டு அனுமதி தருவார்.”

அக்கா எழுந்துவிட்டாள். “அதைக் கோட்டிலை நிண்டு என்ரை வாயாலை சொல்லமாட்டன்.”

எங்கள் ஊர்ச் சனம் கோட்டுக்குப் போவதற்குக் காரணம் தேடுகிற சனம். அடுத்த வளவுத் தென்னோலை நம் வளவுக்குள் விழுந்தால் போதும், வழக்குப் பேசப் புரக்கிராசியைத் தேடிச் சைக்கிளில் ஏறிவிடுவோம். ஓரடி வேலிக்காகத் தகப்பனும் மகனும் எதிரெதிரே கூண்டில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ‘என்னைப் புருஷன் விட்டுவிட்டுப் போனான்’ என்று ஒரு பெண் சொல்வதற்கு அதே கோட்டு வாசல் இமயமலையைவிட உயரமாகிவிடும். அக்கா விஷயத்தில் இது வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல. அவள் உண்மையிலேயே இமயமலையைத்தான் தெரிந்தெடுத்தாள்.

அத்தான் இருக்குமிடம் தெரிந்த விதம் வேடிக்கையானது. பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் கேதாரநாதம் போய்வந்திருந்தார். எங்கள் வீட்டுக்குத் தீர்த்தம் கொடுக்க வந்தவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “ஊக்கிமடம் எண்டொரு ஊர். அதுக்கு மேலை மலையிலை ஒரு ஏரிக்கரையிலை ஒரு சாமியார் இருக்கிறாராம். நான் ஏறிப் பாக்கேல்லை, முழங்கால் விடேல்லை. வடக்கத்தியான் இல்லையாம். குடிசையைச் சுத்தி வரிஞ்சு கட்டி வேலி அடைச்சு, வாசலுக்குக் கதவாப் படலையும் போட்டிருக்கிறாராம். அந்தச் சனம் அதிசயமாச் சொல்லிச் சிரிக்குது. அந்த மலையிலை ஆர் வேலி அடைக்கிறது?”

அக்கா தீர்த்தச் செம்பைக் கீழே வைத்தாள். “அவர்தான்” என்றாள்.

எனக்கும் சந்தேகமில்லை. உலகத்தைத் துறக்கலாம், பெண்டாட்டி பிள்ளையைத் துறக்கலாம். வேலியைத் துறக்க யாழ்ப்பாணத்து ஆம்பிளைக்கு இன்னும் ஏழு பிறப்பு வேண்டும்.

நான் அப்போது சைவப் பள்ளிக்கூடமொன்றில் வாத்தியார். சம்பளமில்லாத லீவு எடுத்தேன். ஊருக்குத் தீர்த்த யாத்திரை என்று சொன்னோம். எல்லோரும் நம்பியதுபோல் நடந்துகொண்டார்கள். புறப்படுவதற்கு முன் அக்கா தினமும் விடியற்காலையில் கீரிமலை வரை நடந்து போய்க் குளித்துத் திரும்பி வந்தாள். மலை ஏறப் பழகுகிறாளாம். கீரிமலையில் ஒரு பனை உயரத்துக்குக்கூட மேடு கிடையாது. கடற்கரையில் ஒரு கேணி, அவ்வளவுதான். எங்கள் குடாநாடு முழுவதுமே தோசைக்கல். ஆனாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் என்னையும் கூட நடக்கச் சொல்லுவாள்.

புறப்படுகிற அன்று மகள் ஒரு படத்தைக் கொண்டுவந்து தாயிடம் கொடுத்தாள். யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோ ஒன்றில் மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டவென்று எடுத்தது. பட்டுச் சேலை, ஒரு கை பக்கத்துக் கதிரையின் முதுகில், பின்னால் திரையில் யாரும் போயிராத ஒரு பூங்கா. “ஐயாவுக்குக் காட்டுங்கோ, அம்மா” என்றாள். தகப்பனைப் பற்றி அவளுக்கு எந்த மலாயாக் கதையும் இல்லை, எல்லாம் தெரியும். அக்கா படத்தை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றித் தன் கைப்பைக்குள் வைத்தாள். நொத்தாரிசு எழுதித் தந்த சம்மதப் பத்திரம் என்னிடம், படம் அவளிடம். போய்ச் சேரும்வரை அந்தப் பையை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை.

தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் ரயில் பிடித்து, இந்தியாவை அடிமுதல் நுனிவரை புகையும் கரியுமாகக் கடந்து ரிஷிகேசம் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து மலைப்பாதை. மோட்டார் வீதி அப்போதுதான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கிடைத்த இடம் மட்டும் பஸ், பிறகு நடை. ஒரு சுமைகாரரைப் பேசிக்கொண்டோம். என் வயதுதான் இருக்கும். மதராஸ் யாத்திரிகர்களுக்குச் சுமை தூக்கித் தூக்கிக் கொஞ்சம் தமிழ் பிடித்திருந்தார். ‘மெல்ல’, ‘போதும்’, ‘சாப்பாடு’ இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு மனிதர் எதையும் சொல்லிவிடுவார்.

வழியெல்லாம் சட்டி என்று அவர்கள் சொல்லும் தங்குமடங்கள். கடைக்காரரிடம் அரிசி, மா வாங்கினால் பாத்திரமும் படுக்க இடமும் சும்மா தருவார். அக்கா தீட்சை பெற்றவள், பிறர் கைச்சமையல் தொடமாட்டாள். எவ்வளவு களைத்து வந்தாலும் தானே அடுப்பு மூட்டுவாள். ஊரிலிருந்து, உலர்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவும் வறுத்த அரிசிமாவும் பனங்கட்டியும் மூட்டை மூட்டையாகக் கட்டி வந்திருந்தாள். முதல் நாள் ஒடியல் பிட்டைச் சுமைகாரருக்கும் கொடுத்தாள். அவர் ஒரு வாய் வைத்து, கண்ணை மூடி விழுங்கிவிட்டு, இது எந்த வருத்தத்துக்கு மருந்து என்று சைகையில் கேட்டார். அதற்குப் பிறகு பனங்கட்டி மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நான் இரண்டாம் நாளே நொண்டத் தொடங்கினேன். ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முழங்கால். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவள் போல் நடந்தாள். கீரிமலை நடையை நான் மனதுக்குள் கேலி செய்ததற்கு மலை என்னைப் பழிவாங்கியது. ஒரு பெரிய ஏற்றத்தில் என்னால் முடியவே முடியாது என்றானபின், முதுகில் கூடை கட்டி ஆள் தூக்குகிற ஒருவரை அமர்த்தினோம். அந்தக் கூடையில் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். ஆக, பள்ளிக்கூடத்து வாத்தியார் கூடைக்குள் சுருண்டு, வந்த வழியைப் பார்த்தபடி போக, பின்னால் தமக்கை நடந்து வருகிறாள். எதிரில் வந்த கிராமத்துப் பெண்கள் விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

“நல்லா இரு தம்பி, கூடைக்குள்ளை முட்டை இருக்கிறமாதிரி இருக்கிறாய்” என்றாள் அக்கா. வீட்டை விட்டுப் புறப்பட்டபின் அவள் சிரித்தது அப்போதுதான்.

தட்டை நிலத்துக்காரரின் தவறு ஒன்றும் செய்தோம். எங்கள் ஊரில் கண்ணுக்குத் தெரிகிற கோபுரத்துக்கு நடந்து போய்விடலாம். தெரிவதென்றால் கிட்ட என்றுதான் அர்த்தம். குப்தகாசியில் நின்று பார்த்தால் எதிர்மலையில் ஊக்கிமடம் தெரிகிறது. வீடுகள், புகை, மாடு மேய்ப்பது எல்லாம் தெரிகிறது. “உதிலைதானே, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிடலாம்” என்று அக்கா அவசரப்படுத்த, நானும் தலையாட்டினேன். சுமைகாரர் ‘மெல்ல, மெல்ல’ என்றார். நாங்கள் கேட்கவில்லை. அந்த ஊருக்கும் எங்களுக்கும் நடுவில் ஆறு வரை ஒரு பாதாளம் இறங்கி, மறுபடி அதே அளவு ஏற வேண்டும் என்பது மலைக்குத் தெரியும், சுமைகாரருக்குத் தெரியும். போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அக்காவின் பெருவிரல் நகம் பெயர்ந்து இரத்தம் வந்திருந்தது. ஒரு வீட்டுக்காரப் பெண்மணி, கேட்காமலேயே, வெந்நீரும் ஏதோ பச்சிலையும் கொண்டுவந்து கட்டிவிட்டாள். அவளுக்கு எங்கள் பாஷை தெரியாது. “காலைக் காட்டுங்கோ” என்பதை எந்தப் பாஷையிலும் ஒரே மாதிரித்தான் சொல்லுகிறார்கள்.

மறுநாள் ஏறிப் போய்ச் சேர்ந்தது தவறான ஏரி. ஊருக்கு மேலே காட்டுக்குள் ஒரு சிறு குளம், கரையில் நாகர் கல், அதைச் சுற்றிச் சிவப்புத் துணித் துண்டுகள். அந்தக் குளத்தில் நாகராசா இருக்கிறார் என்று அங்கே எச்சில் துப்பமாட்டார்கள், செருப்போடு கிட்டப் போகமாட்டார்கள். நாங்களும் நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். வேலி எதுவும் இல்லை. உடம்பெல்லாம் சாம்பல் பூசிய ஒரு சாது மட்டும் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். சுமைகாரர் அவரிடம் வேலிச் சாமியாரைப் பற்றி விசாரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து, மலையின் அடுத்த முடியைக் கைகாட்டினார். சாதுவுக்குமா சிரிப்பு வருகிறது என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சிரித்தது எங்கள் வீட்டு ஆளை நினைத்து.

அடுத்த நாள் காலையில் கடைசிக் கிராமத்தைக் கடந்தோம். கல் ஓடு வேய்ந்த வீடுகள், முற்றத்தில் காயும் தானியம், எருமைகள். எங்கும் வேலிக்கென்று நட்ட ஒரு கதியால் கிடையாது. ஒருவர் முற்றத்தில் அடுத்தவர் ஆடு நிற்கிறது, யாரும் விரட்டவில்லை. இவர்கள் எப்படிச் சண்டை பிடிக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். பிறகு மரங்கள் விலகின. புல்வெளியின் நடுவில் ஏரி. அதற்குள் வெள்ளை வெளேரென்று மலைகள் தலைகீழாக நின்றன. நிமிர்ந்து பார்த்தால் மேலேயும் அவையே. அக்கா கும்பிட்டாள். கும்பிட்ட கையைக் கீழே விடும்போதே அவள் கண் கரையைத் தேடியது.

“அங்கை பார், தம்பி.”

வேலி. சந்தேகமே இல்லை. கதியால்கள் ஒரே உயரத்தில், இடைவெளி பிசகாமல். தென்னங்கிடுகு இல்லாததால் நீளப் புல்லைப் பின்னி மறைப்பு. குறுக்கே மூன்று வரிச்சு, இறுக்கிக் கட்டிய முடிச்சு. முன்னால் ஒரு படலை. எங்கள் ஊர் ஒழுங்கைச் சந்து ஒன்றைப் பிடுங்கி அந்தப் பனிக்குக் கீழே நட்டு வைத்ததுபோல் இருந்தது.

அக்கா படலையைத் திறக்கவில்லை. ஊரில் பிறர் வீட்டுக்குப் போனால் எப்படியோ அப்படி, வெளியே நின்று குரல் கொடுத்தாள்.

“வீட்டுக்காரர்!”

உள்ளேயிருந்து உடனே பதில் வந்தது. “ஓம், ஆரது?”

யோசித்துச் சொன்னதில்லை. பழக்கத்தில் வந்தது. கொஞ்சம் பொறுத்துக் குனிந்து வெளியே வந்தார். காவி, தாடி, மெலிந்த உடம்பு. ஆனால் அதே நடை. அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படலையின் கட்டை அவிழ்க்க அவர் விரல்களுக்கு நேரம் எடுத்தது.

“இருங்கோ” என்றார். அக்காவையும் சேர்த்து, அன்னியரைச் சொல்வதுபோல.

புல் பாயில் உட்கார்ந்தோம். அக்கா பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். மகளுக்குக் கலியாணம், சீதனக் காணி, சம்மதம், கையெழுத்து. அவர் ஏரியைப் பார்த்தபடி கேட்டார். முடிந்ததும் தலையை அசைத்தார்.

“அந்த ஆள் செத்துப் போச்சுது. கங்கைக் கரையிலை எனக்கு நானே பிண்டம் வைச்சுத்தான் காவி வாங்கினது. செத்த ஆள் கையெழுத்து வைக்கேலாது. குறை நினைக்காதையுங்கோ.”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இவ்வளவு மலை ஏறி வந்தது வேதாந்தம் கேட்கவா? வாயைத் திறக்கப் போனேன். அக்கா கையால் என்னை அமர்த்தினாள். அவள் குரல் சந்தையில் கத்தரிக்காய் விசாரிக்கிற குரல்போல் இருந்தது.

“அப்பிடியெண்டால் இன்னும் நல்லது. செத்துப் போனன் எண்டு எழுதிக் கையெழுத்து வையுங்கோ. கைம்பெண்ணுக்கு ஆரின்ரை சம்மதமும் தேவையில்லை. அதையே காட்டிக் காணியை எழுதிப் போடுவன்.”

அவர் திரும்பிப் பார்த்தார். வந்ததிலிருந்து அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

“தம்பி, கடுதாசியின்ரை மற்றப் பக்கத்தைக் குடு” என்றாள் அக்கா.

சம்மதப் பத்திரத்தின் வெறும் பக்கத்தைத் திருப்பி அவர் முன் வைத்தேன். பேனாவையும் கொடுத்தேன். வாங்கினார். அது கடுதாசிக்கு மேலே நின்றது. இறங்கவில்லை.

“என்னத்தையெண்டு எழுதிறது?”

“இன்னாரின்ரை புருஷனாகிய நான் இறந்துபோனேன் எண்டு எழுதுங்கோ. நீங்கள் சொன்னதுதானே. எழுதி முடியுங்கோ, நான் உதிலை இருக்கிற ஏரியிலை பொட்டை அழிச்சுப்போட்டுத் தலை முழுகிப்போட்டுப் போறன்.” அவள் கை நெற்றிக்குப் போனது.

“உந்தப் பேச்சை விடும்” என்றார் அவர்.

நீர் என்று அழைக்கிற பழைய வழக்கம் திரும்பியிருந்தது. அவர் கடுதாசியை முன்பக்கம் திருப்பினார். கையெழுத்து வைக்கப் போகிறார் என்று நான் மூச்சு விட்டேன். இல்லை. வாசிக்கத் தொடங்கினார். விரலை வைத்து வரி வரியாகக் காணி விபரம் வாசித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“இதென்ன? கிழக்கெல்லை பிழை. வேலிக்கு அங்காலை நிக்கிற மூண்டு பனையும் எங்கடை. ஆர் உதை எழுதினது?”

“இப்ப இருக்கிற வேலியை வைச்சுத்தான் நொத்தாரிசு...” என்றேன்.

“பக்கத்து வளவுக்காரன் வேலியை எங்கடை பக்கம் அரக்கிப் போட்டானோ? எனக்குத் தெரியும், அவன் அரக்குவான் எண்டு தெரியும். நீங்கள் என்ன பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்? பழைய உறுதியை எடுத்துப் பாருங்கோ, மூண்டு பனையோடைதான் இருக்கு.” தாடி ஆடியது. முழங்காலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “கிணத்துப் பங்கு போட்டிருக்கோ? துலா ஆரின்ரை பக்கம் நிக்குது? கிணத்தடிப் பலா காய்க்குதோ?”

“காய்க்குது” என்றாள் அக்கா.

“போன முறை நான் பாக்கேக்கை பூவெல்லாம் கொட்டிப் போச்சுது. உப்புப் போட்டனீரோ?”

“போட்டன்.”

அந்த வருஷம் புகையிலை என்ன விலை போனது என்றுகூடக் கேட்டார். நான் சொன்னேன். குறைவு என்றார். பிறகு தன் பழைய பெயரை, பழைய சுழிப்புகளோடு, அடியில் ஒரு கோடும் இழுத்துக் கையெழுத்து வைத்தார். சாட்சிக்கு நான் ஒப்பமிட்டேன். சுமைகாரர் பானைக் கரியைத் தொட்டுப் பெருவிரலைப் பதித்தார். கடுதாசி உலரும்வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சுட்ட உருளைக்கிழங்கு தந்தார். அக்காவும் எடுத்துச் சாப்பிட்டாள். புருஷன் சுட்டது பிறர் கைச்சமையலில் சேராது என்று கணக்குப் பண்ணினாளோ என்னவோ. மீதியிருந்த ஒடியல் மாவையும் பனங்கட்டியையும் அவர் பக்கம் தள்ளி வைத்தாள். அவர் ஒரு பனங்கட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தார். அக்கா காத்திருந்தாள். பையின் வாய் அவிழ்ந்திருந்தது. வெள்ளைத் துணியின் ஓரம் எனக்குத் தெரிந்தது.

முகில் இறங்கி ஏரிக்குள்ளிருந்த மலைகளை ஒவ்வொன்றாக அழித்தது. “மழை வரப்போகுது, கெதியா இறங்குங்கோ” என்றார்.

அக்கா பையின் வாயைக் கட்டினாள். படலைவரை வந்தார். நாங்கள் வெளியே வந்ததும் படலையைச் சாத்தி, அவிழாமல் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார். திரும்பிப் பார்த்தபோது கட்டு இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறக்கத்தில் நான் வாய் ஓயாமல் பேசினேன். வென்றுவிட்ட குதூகலம். ஆவணியில் முகூர்த்தம், பந்தலுக்கு யாரைப் பிடிப்பது, நொத்தாரிசின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று. அக்கா எனக்குப் பின்னால் மெல்ல மெல்ல இறங்கினாள். களைப்பு என்று நினைத்தேன். அன்று இரவு தங்கிய சட்டியில் அடுப்பு மூட்டவும் இல்லை. சுவரில் சாய்ந்து கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்:

“பனையைக் கேட்டார். பலாவைக் கேட்டார். புகையிலை விலை கேட்டார். பிள்ளையைக் கேக்கேல்லை, தம்பி.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மைதான். கலியாணம் என்று நான் சொன்னபோதும் கேட்கவில்லை. எப்படி இருக்கிறாள், யாரைக் கலியாணம் செய்கிறாள், ஒன்றுமில்லை. பிள்ளையின் பெயர் அவர் வாயில் வரவே இல்லை.

“நீங்கள் படத்தைக் காட்டியிருக்கலாமே, அக்கா.”

“கேட்டிருந்தால் காட்டியிருப்பன். கேக்காத ஆளுக்கு என்ரை பிள்ளையை நான் ஏன் காட்டோணும்?”

அந்த மனிதர்மேல் எனக்கு அதுவரை இருந்தது கோபம். அன்று வந்தது வெறுப்பு. அவர் செத்துப்போனேன் என்று எழுதியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

உருத்திரப்பிரயாகைக்குக் கிட்ட, இரண்டு ஆறும் ஒன்றையொன்று மோதிக்கொள்ளும் இடத்தில், தொங்குபாலத்தைக் கடந்தோம். நடுப் பாலத்தில் அக்கா நின்றாள். பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து அவிழ்த்தாள். படத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். நான் என்ன என்று உணருமுன் கையை விட்டாள்.

“அக்கா! உதென்ன செய்யிறியள்? பிள்ளையின்ரை படம்!”

அது கீழே கலங்கலில் விழுந்து, ஒருமுறை வெள்ளையாகத் தெரிந்து, போய்விட்டது. அக்கா துணியை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். ஏனென்று கேட்டேன், நடக்கத் தொடங்கிவிட்டாள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்றுகூடப் பயந்தேன். ரயிலில் வரும்போதும் கேட்டேன். யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

வீடு வந்து சேர்ந்தது ஒரு மத்தியானம். முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து பழைய உறுதியை எடுத்துப் பார்த்தேன். மூன்று பனையும் எங்களுடையவைதான். மனிதர் சொன்னதில் ஓரெழுத்துப் பிசகில்லை. வழக்குப் போடலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

“உந்த மூண்டு பனையும் எனக்கு வேண்டாம்” என்றாள்.

அவள் கிணற்றடியில் கல்லில் உட்கார்ந்தாள். மகள் துலாவை இழுத்து வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளித் தாயின் காலில் ஊற்றினாள். நகம் பெயர்ந்த விரலைக் கண்டு முகம் சுளித்தாள். கையெழுத்துக் கிடைத்த செய்தியை நான் வாசலிலேயே சொல்லிவிட்டேன். அதற்கு அவள் தலையசைத்தாள், அவ்வளவுதான். அவளுக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. கேட்பதற்கு இரண்டு வாளி ஆயிற்று.

“ஐயா என்னைக் கேட்டவரோ, அம்மா?”

“கேக்காமல் விடுவாரே? படலையடியிலை வைச்சே உன்னைத்தான் முதல் கேட்டவர்.”

“படத்தைக் காட்டினனீங்களோ?”

“காட்டின உடனை பறிச்சுக்கொண்டார். திருப்பித் தரேல்லை. அவரிட்டைத்தான் இருக்கு.”

மகள் வாளியைக் கீழே வைத்தாள். நம்ப ஆசையாகவும் நம்பப் பயமாகவும் இருந்தது அந்த முகத்தில். தாயை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

“மெய்யே, மாமா?”

அக்காவும் என்னைப் பார்த்தாள்.

“ஓம் பிள்ளை” என்றேன். “நான் கேட்டும் தரமாட்டன் எண்டிட்டார்.”